பேண்டு செட்டுக்குக் கோட்டு மாட்டினால்...

கே: ஜாஸ் 'பிக் பேண்ட்' என்பது கல்யாண ஊர்வல பேண்டு செட்டுக்குக் கோட்டு மாட்டி உட்கார வைத்ததுதானே? 17 பேர் சேர்ந்து ஊதித் தள்ளுகிறார்கள். இதில் இன்றைக்கு என்ன புதுமையைக் கண்டுவிட்டார்கள்?

ப: வெயிலில் நடந்துகொண்டே ஊதுகிறவர்களை இளக்காரமாகப் பேசாதீர்கள், நீங்களும் நானும் ஒரு தெரு தாண்ட மாட்டோம். அப்புறம், 17 பேரும் ஊதுவதில்லை. 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், ஆக 13 பேர்தான். மீதி நால்வர் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ்.

நீங்கள் கேட்ட இசை 1940 வாக்கில் நடனக் கூடங்களில் வாசித்த பாணியாக இருக்க வேண்டும். சாக்ஸபோன் வரிசை ஒரு மெட்டைச் சொல்லும், டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்த பித்தளை வரிசை வெடுக்கென்று பதில் சொல்லும். நியூயார்க்கில் மரியா ஷ்னைடர் நடத்தும் குழுவில் ஆள் கணக்கு ஏறக்குறைய அதேதான், கூட ஒரு அக்கார்டியன். ஆனால் அந்த வரிசைகளைக் கலைத்துப் போட்டுவிட்டார். சாக்ஸபோன்காரர்கள் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் மாறிக்கொண்டே இருப்பார்கள். மியூட் (ஒலியை அடக்கும் மூடி) செருகிய டிரம்பெட் அவற்றோடு சேர்ந்தால் எது மரக்குழல், எது பித்தளை என்று பிரித்துச் சொல்ல வராது. இது அவர் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 1930-லேயே ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 'மூட் இண்டிகோ' என்ற உருப்படியில் கிளாரினெட்டைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, மியூட் போட்ட டிரம்பெட்டையும் டிராம்போனையும் அதன்மேல் உட்கார வைத்தார். ஷ்னைடர், ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸிடம் உதவியாளராக இருந்தவர், அந்த வழியில் வந்த பாடம்.

புதுமை வேண்டுமென்றால் 2020-ல் வந்த அவருடைய 'டேட்டா லார்ட்ஸ்' தொகுப்பில் 'சிக்யூ சிக்யூ, இஸ் எனிபடி தேர்?' என்ற உருப்படியைக் கேளுங்கள். 'சிக்யூ' என்பது, பொழுதுபோக்காக ரேடியோ வழியே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் முகம் தெரியாதவர்களை அழைக்கும் சங்கேதம். மோர்ஸ் தந்தியில் அது 'தா டி தா டி, தா தா டி தா'. இந்த நெடிலும் குறிலும்தான் அங்கே தாளமாகின்றன. தட்டிப் பாருங்கள், நான்கு நான்காக எண்ணிப் பழகிய கை தடுமாறும். அதன்மேல் டானி மெக்காஸ்லினின் டெனர் சாக்ஸபோன் மனுஷக் குரலாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பதில் வருகிறது, கிரெக் கிஸ்பர்ட்டின் டிரம்பெட்டிலிருந்து. மின்கருவி வழியாகத் திரிந்த ஒலி அது. கூப்பிட்டது மனிதன், பதில் சொன்னது இயந்திரம். இரவில் தனியாகக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சில்லிட்டது.

எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். அவருடைய வேறொரு தொகுப்பில் வந்த 'செருலியன் ஸ்கைஸ்' ஏறக்குறைய 22 நிமிடம். ஆரம்பத்தில் வாத்தியக்காரர்களே பறவைகளாகக் கீச்சிடுவது அருமை. நடுவில் அழகு கொஞ்சம் திகட்டும், ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

சரி, எங்கே கேட்பது? ஸ்பாட்டிஃபையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த மாதிரி நிறுவனங்களோடு ஷ்னைடருக்கு ஆகாது. ரசிகர்களிடமே முன்பணம் வாங்கித் தொகுப்பு போடுகிறவர். கடையிலேயே விற்காத அவருடைய 'கன்செர்ட் இன் தி கார்டன்' 2005-ல் கிராமி வாங்கியது. நீங்களும் காசு கொடுத்து ஒன்றை வாங்கிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் 'பேண்டு செட்' என்றே எழுதினால், ஒரு எழுத்து மாற்றாமல் பிரசுரிக்கிறேன்.