‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ ரேட்டிங் சரிந்துவிட்டதா? மூன்றாவது சீசனை நம்பிக் காத்திருக்கலாமா?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் அமெரிக்கத் தொடர் இது, ஹெச்பிஓ சேனலில் வருகிறது. கேள்வி கேட்டவர் இரண்டு கவலைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் முதல் சீசனைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாமே, தொடர் படுத்துவிட்டதா? அப்படியானால் மூன்றாவது சீசனோடு பாதியில் நிறுத்திவிடுவார்களா?

இரண்டாவது கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். நிறுத்த மாட்டார்கள். மூன்றாவது சீசன் படப்பிடிப்பு 2025 மார்ச்சில் தொடங்கியது. ஒளிபரப்பு 2026 கோடையில். நம்மூர் சித்திரை வெயில் இல்லை, அமெரிக்கக் கோடை. நான்காவது சீசனும் உறுதியாகிவிட்டது, அதோடு கதை முடிகிறது. நான்கு சீசன்தான் என்பதைத் தயாரிப்புக்குப் பொறுப்பான ரையன் காண்டல் 2024 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். ஆக, ரேட்டிங் காரணமாக, அரியணைக்காகப் போராடும் நாயகி ரேனிராவின் கதை நடுவழியில் நிற்கப் போவதில்லை.

முதல் கவலைக்குக் கொஞ்சம் பொறுமையாக எண்களைப் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 21 அன்று முதல் எபிசோடு வந்த இரவில் அமெரிக்காவில் அதைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். 2024 ஜூன் 16 அன்று இரண்டாவது சீசன் தொடங்கிய இரவில் 78 லட்சம். செய்தித் தலைப்புகள் எல்லாம் இந்த இரண்டு எண்களை எடுத்துக்கொண்டுதான் “சரிவு” என்று எழுதின. கணக்கு தப்பில்லை. ஆனால் அதே சீசன்களின் கடைசி எபிசோடுகளைப் பாருங்கள். முதல் சீசன் முடிந்த இரவில் 93 லட்சம், இரண்டாவது சீசன் முடிந்த இரவில் 89 லட்சம். தொடக்கத்தில் 22 லட்சமாக இருந்த இடைவெளி முடிவில் நான்கு லட்சமாகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முதல் சீசன் ஒரு கோடியில் ஆரம்பித்து, முடியும்போது சற்றுக் கீழே இறங்கியிருந்தது. இரண்டாவது சீசன் 78 லட்சத்தில் ஆரம்பித்து மேலே ஏறியது. கதை பிடிக்காமல் போயிருந்தால் வாரம் போகப் போகக் கூட்டம் கரைந்திருக்கும், இங்கே கூடியிருக்கிறது. என் கணிப்பு இதுதான்: மக்கள் தொடரை விட்டுப் போகவில்லை, திரும்பி வரத் தாமதமானார்கள். முதல் சீசன் முடிந்தது 2022 அக்டோபரில். அடுத்தது வந்தது 2024 ஜூனில். இருபது மாத இடைவெளி. அதற்குள் யார் யாருக்கு என்ன உறவு, எந்த டிராகன் யாருடையது என்பதெல்லாம் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். ஏகான் என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற கதை இது! போதாக்குறைக்கு அந்த ஜூன் 16 அமெரிக்காவில் தந்தையர் தினம். குடும்பத்தோடு வெளியே போனவர்கள் மறுநாளோ அடுத்த வாரமோ பார்த்திருப்பார்கள், அவர்கள் முதல் இரவுக் கணக்கில் வர மாட்டார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம்: “கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஏழாவது சீசனுக்கும் எட்டாவது சீசனுக்கும் நடுவிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்ததே, அப்போது கூட்டம் கூடத்தானே செய்தது?” உண்மைதான். 2019 மே மாதம் அதன் கடைசி எபிசோடை ஒரே இரவில் 1 கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் வருடா வருடம் பார்த்துப் பழகிய பழக்கம் இருந்தது. 2011-இல் முதல் எபிசோடை ஹெச்பிஓவில் பார்த்தவர்கள் வெறும் 22 லட்சம் பேர் என்பதை மறக்கக் கூடாது. 22 லட்சத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கூட்டம் அது, போதாததற்கு வந்தது கடைசி சீசன். யார் அரியணையில் உட்காரப் போகிறார்கள் என்று தெரியாமல் யாருக்கும் தூக்கம் வராது. ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ ஒரே ஒரு சீசன் காட்டிவிட்டு இருபது மாதம் காணாமல் போனது. பழக்கம் ஒட்டுவதற்கு முன்பே பிரிவு வந்துவிட்டது.

எண்களைப் பற்றி இன்னொன்று, இது நிறையப் பேரைக் குழப்புகிறது. ஒரே எபிசோடுக்கு வெவ்வேறு எண்கள் வரும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி எபிசோடுக்கே 1 கோடியே 36 லட்சம் என்றும் போடுவார்கள், 1 கோடியே 93 லட்சம் என்றும் போடுவார்கள். முன்னது சேனலில் முதல் ஒளிபரப்பை மட்டும் பார்த்தவர்கள். பின்னது அன்றிரவே மறு ஒளிபரப்பிலும் ஸ்ட்ரீமிங்கிலும் பார்த்தவர்களைச் சேர்த்தது. ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ முதல் எபிசோடில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சேனலின் முதல் ஒளிபரப்பில் மட்டும் சுமார் 22 லட்சம், மற்றதையும் சேர்த்தால் ஒரு கோடி. அப்புறம் நாள் போகப் போகப் பார்த்தவர்களையும் கூட்டினால் முதல் சீசனுக்கு எபிசோடு ஒன்றுக்குச் சராசரியாக 2 கோடியே 90 லட்சம் என்று ஹெச்பிஓ சொன்னது. யாராவது பழைய தொடரின் பெரிய எண்ணையும் புதிய தொடரின் சின்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “பார்த்தீர்களா, விழுந்துவிட்டது” என்றால், இரண்டும் ஒரே அளவுகோலா என்று முதலில் கேளுங்கள்.

ஹெச்பிஓ சேனலில் விளம்பர இடைவேளையும் கிடையாது. நம் சீரியல்களுக்கு வாரா வாரம் டிஆர்பி வருகிறது, அது குறைந்தால் விளம்பரம் குறைகிறது, உடனே நேரத்தை மாற்றுகிறார்கள் அல்லது அவசரமாக ஒரு கல்யாணத்தை வைத்துக் கதையை முடிக்கிறார்கள். ஹெச்பிஓவுக்கு அடிப்படை வருமானம் சந்தா. இந்தத் தொடருக்காக எத்தனை பேர் சந்தா கட்டினார்கள், தொடர் முடிந்த பிறகும் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதுதான் அவர்கள் பார்க்கும் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கொஞ்சம் குறைந்ததற்காக அவர்கள் பயப்படத் தேவையில்லை.

சரி, என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. இரண்டாவது சீசன் முழுவதும் எங்கள் வீட்டில் திங்கள் காலை அப்படித்தான் விடிந்தது. அக்கா பெங்களூரில் இருக்கிறாள், நான் மதுரையில். ஆறு இருபதுக்கு அவள் போன் வரும். இருவரும் ஒரே நேரத்தில் எபிசோடைப் போட்டுவிட்டு போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொள்வோம். பேச மாட்டோம், அவள் பக்கம் பிள்ளை எழுந்து அழுதால் மட்டும் இருவரும் நிறுத்துவோம்.

2024 ஜூலை 8, நான்காவது எபிசோடு. (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடுங்கள்.) ரூக்ஸ் ரெஸ்ட் கோட்டைப் போர். ரேனிராவின் பக்கம் நிற்கும் ரேனிஸ் தன் சிவப்பு டிராகன் மெலிஸின் மேல் இருக்கிறார். எதிரே எதிரணி இளவரசன் ஏமண்டின் டிராகன் வேகார், மலை எழுந்து வருவது போல. தப்பித்துப் போக ரேனிஸுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, வழி திறந்துதான் கிடக்கிறது. அவர் மெலிஸைத் திருப்புகிறார். கடைசியில் வேகார் கீழிருந்து எழும்பி மெலிஸின் கழுத்தைக் கவ்விவிடுகிறது. அப்போது மெலிஸ் மெல்லத் தலையைத் திருப்பி, முதுகில் இருப்பவரை ஒருமுறை பார்க்கிறது. அவ்வளவுதான், விழுகிறது. கம்ப்யூட்டரில் செய்த ஒரு மிருகத்தின் கண்ணில் அப்படி ஒரு பார்வையை வைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது, எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. போனில் அக்கா, “பாத்துச்சுடா, அவளைத் திரும்பிப் பாத்துச்சுடா” என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க ஆபீசில் அந்தப் பார்வைதான் மனதில் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது சீசனை மொத்தமாக மோசம் என்று ஒதுக்குபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. இதே சீசனில்தான் ரேனிஸின் முடிவு இருக்கிறது. சாதாரண மனிதர்கள் டிராகன்களின் முன் நடுங்கி நிற்கும் ஏழாவது எபிசோடும் இதே சீசனில்தான் இருக்கிறது. ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் கோபம் சீசனின் மேல் இல்லை, அது முடிந்த விதத்தின் மேல். முதல் சீசனுக்குப் பத்து எபிசோடு, இரண்டாவதுக்கு எட்டு. எட்டாவதில் எல்லாப் படைகளும் கிளம்புகின்றன, கப்பல்கள் புறப்படுகின்றன, டிராகன்கள் பறக்கின்றன, திரை இருண்டுவிடுகிறது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, குழம்பு வாளி பக்கத்து இலை வரைக்கும் வந்த பிறகு “மிச்சம் ரெண்டு வருஷம் கழிச்சு” என்றால் யாருக்குத்தான் மனம் ஆறும்?

அந்தக் குழம்பு வாளிதான் கல்லெட் கடற்போர். அதற்கு உரிய நேரமும் வசதியும் வேண்டும், அதனால்தான் தள்ளி வைத்தோம் என்று காண்டல் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அரைகுறையாகக் காட்டுவதைவிடத் தள்ளி வைத்தது நல்லது. மூன்றாவது சீசன் அந்தப் போரிலிருந்தே தொடங்குகிறது என்பதால் ஆரம்பமே அனல் பறக்கும். புதிதாக வருபவர்களில் ஜேம்ஸ் நார்ட்டன் ஆர்மண்ட் ஹைடவராக நடிக்கிறார். வடக்கின் கிழட்டு வீரன் ராட்ரிக் டஸ்டினாக டாமி ஃப்ளானகன். மூல நூலைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே உடம்பு சிலிர்க்கும், ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ரேட்டிங் இல்லை, வேறொன்று. கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 2024 செப்டம்பரில் தன் வலைப்பூவில் இரண்டாவது சீசனின் மாற்றங்களைப் பற்றி மனம்விட்டு எழுதினார், பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. ரேனிராவுக்கு எதிராக அரியணை ஏறிய ஏகானின் சின்ன மகன் மேலரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டதுதான் அவருடைய முக்கிய வருத்தம். சின்னப் பாத்திரம்தானே என்று தோன்றும். ஆனால் நூலில் அந்தக் குழந்தையைச் சுற்றிப் பின்னால் நடப்பவை நிறைய. ஒரு நூலை உருவினால் துணியில் எங்கெங்கே சுருக்கம் விழும் என்பது நெய்தவருக்குத்தானே தெரியும். இந்த விஷயத்தில் நான் மார்ட்டின் பக்கம். அந்த இழையை உருவிய பிறகு ஏகானின் மனைவி ஹெலெனாவின் கதையை எப்படிக் கொண்டு போகப் போகிறார்கள் என்றுதான் மூன்றாவது சீசனில் முதலில் பார்ப்பேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: இரண்டாவது சீசன் முடிந்தது 2024 ஆகஸ்ட் 4-இல். மறுபடியும் இரண்டு வருடத்துக்குப் பக்கமான இடைவெளி. முதல் இரவுக் கணக்கு இந்த முறையும் குறைவாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அன்றைக்கு வரும் தலைப்புகளைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் தெரியும். மூன்றாவது சீசனுக்கு முன்னால் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க நேரமில்லை என்றால், முதல் சீசனின் எட்டாவதையும் பத்தாவதையும், இரண்டாவது சீசனின் நான்காவதையும் ஏழு, எட்டையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். முதல் சீசனின் எட்டாவதில் நோயில் உருகிய மன்னர் விசேரிஸ் கைத்தடியை ஊன்றி அரியணை வரை நடந்து வருவதை இரண்டாம் முறை பார்க்கும்போது, பக்கத்தில் வந்து கிரீடத்தை எடுத்து வைக்கும் தம்பி டேமனின் முகத்தைக் கவனியுங்கள்.

அக்காவும் நானும் மறுபடியும் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம், வாரம் இரண்டு எபிசோடு. அவள் பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது, போனில் சிறகடிக்கும் சத்தம் கேட்டாலே “வேகார்” என்கிறான்.