கீரை ஆய்ந்த கை

அன்புள்ள ஐயா,

டர்பனில் முதுகலை படிக்கிறேன். ஒப்பந்தக் கூலியாக வேலூரிலிருந்து நேட்டாலுக்கு வந்த என் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத முயல்கிறேன். கட்டுரை, ஆய்வுக்கட்டுரை, ஆய்வேடு, ஆய்வுநூல், வியாசம் எல்லாம் ஒன்றுதானா? ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து சலிக்காதபடி இவற்றை மாற்றி மாற்றிப் போடலாமா? நம் பெயர்களை ஆங்கிலத்தில் எந்த முறைப்படி எழுதுவது? உங்கள் பேத்தி வயதுதான் எனக்கு. ‘நீ’ என்றே எழுதுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

மாற்றி மாற்றிப் போடாதே. கதையில் ஒரே சொல் வந்தால் சலிக்கும். ஆய்வில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டதோ என்று படிப்பவர் தடுமாறுவார். பட்டத்துக்காக ஒப்படைப்பது ஆய்வேடு. அதில் ஒரு பகுதியை இதழுக்கு எழுதினால் ஆய்வுக்கட்டுரை. ஒரே பொருளை முழுப் புத்தகமாக விரித்தால் ஆய்வுநூல். வியாசம் பழைய தலைமுறையின் சொல், விட்டுவிடு. கட்டுரைக்கு வயது அதிகம், சிலப்பதிகாரத்திலேயே ‘கட்டுரை காதை’ உண்டு. ஆனால் பசுவைப் பற்றிப் பள்ளியில் எழுதும் பத்து வரிக்கும் இன்று அதுதான் பெயர். ஆங்கில எழுத்துமுறையை உன் துறையில் கேட்டுக்கொள்.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘ஆய்வு’. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் ஆயாவின் வாயில். டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில், வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்வார். ஒவ்வொரு தண்டாக எடுப்பார். பழுத்த இலையைக் கிள்ளி எறிவார். இலையைத் திருப்பி அடியில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். தண்டை ஒடித்து, நார் வந்தால் ஒதுக்குவார். இரண்டு கட்டுக் கீரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் அடி விழும். டர்பனின் சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்ட பிறகும், கண் மங்கிய பிறகும், விரலாலேயே தடவி ஆய்ந்தார். தொல்காப்பிய உரியியல் ஆய்தலை ‘உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஆயாவின் முறம்தான் கண்முன் வந்தது.

இன்று நடப்பது என்ன? மூன்று புத்தகங்களைப் பார்த்து நான்காவதை எழுதிவிட்டு, அட்டையில் ‘ஆய்வு’ என்று போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு வந்த ஒரு விழா மலரில் நான்கு பேர் எழுதியிருந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்ததைப் பற்றி நான்கு பேரிடமும் ஒரே பத்தி, எழுத்துக்கு எழுத்து அப்படியே. கப்பல் பட்டியலை ஒருவராவது திறந்து பார்த்த தடயம் இல்லை. இது ஆய்ந்த கீரையா? கட்டோடு அள்ளிச் சட்டியில் போட்டது.

நீயும் அதையே செய்திருக்கிறாய். ‘வேலூரிலிருந்து வந்த’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். யார் சொன்னது? வீட்டில் சொன்னார்கள் என்றால் அப்படியே எழுது. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேரும் கப்பல் பட்டியலில் இருக்கிறார்கள்: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர். வட ஆர்க்காடு மாவட்டத்தில் வேலூர் தாலுகாவில் ஏதோ ஒரு சிற்றூராக இருக்கலாம் உன் கொள்ளுப்பாட்டியின் ஊர். அந்த ஊரின் பெயரைத்தான் நீ தொலைத்துக்கொண்டிருக்கிறாய். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எழுத்தில் வரும். தந்தை பெயரையும் வயதையும் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவள் எத்தனை வயதில் கப்பல் ஏறினாள், கூட யார் வந்தார்கள், யாருமே வரவில்லையா? இதெல்லாம் தெரியாமல் உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது, மகளே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். அவருடைய எண் உள்ள பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு வா. சேர்ந்து உட்கார்ந்து ஆய்வோம்.