கேள்வி பதில்: சாப்பாடும் கருப்பை வாய் முன்புற்று நிலையும்

கே: பயாப்ஸியில் சி.ஐ.என் 1 (லேசான முன்புற்று நிலை) என்று வந்திருக்கிறது மேடம். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. போட்டால் சரியாகிவிடுமா?

ப: போடாவிட்டாலும் சி.ஐ.என் 1 பெரும்பாலும் தானே மறையும். இதற்குக் காரணமான எச்.பி.வி என்ற வைரஸின் தொற்றைப் பெரும்பாலோரின் உடல் 2 ஆண்டுக்குள் அடக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும்! நாளொன்றுக்குத் தேவை 400 மைக்ரோகிராம், 5 மி.கி. என்பது 5,000. வைட்டமின் பி12 குறைவு இருந்தால் இந்த அளவு ரத்தசோகையை மட்டும் சரிசெய்து குறையை மறைத்துவிடும், நரம்புச் சேதம் நிற்காது. முதலில் பி12 பாருங்கள்.

கே: 1982 ஆய்வில் 10 மி.கி. பலன் தந்ததே, அதை ஏன் சொல்வதில்லை?

ப: சொல்கிறேன். பட்டர்வொர்த் குழு, கருத்தடை மாத்திரை எடுத்த பெண்கள், 3 மாதம், சின்ன ஆய்வு. அதே பட்டர்வொர்த் 1992இல் 235 பேருக்கு அதே 10 மி.கி.யை 6 மாதம் கொடுத்துப் பார்த்தார். வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கே: (அவரே) அப்படியானால் ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் ஆசிட்) குறைந்தவர்களுக்கு ஏன் சி.ஐ.என் அதிகம் வருகிறது?

ப: இது கேள்வி. ஃபோலேட் இல்லாமல் டி.என்.ஏ. பழுது சரியாக நடக்காது. வைரஸுக்கு அது வசதி. ஆனால் புகைப்பவர்களுக்கும் ஃபோலேட் குறைவாகவே இருக்கும், எது காரணம் என்று பிரிப்பது கஷ்டம். இன்னொன்று: ஃபோலேட் பற்றாக்குறையே செல்லின் உட்கருவை வீங்க வைக்கும். கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஸ்மியரில் அது லேசான முன்புற்று மாதிரியே தெரியும், மாத்திரை போட்டதும் மறையும். மறைந்தது பற்றாக்குறை, முன்புற்று அல்ல. குறையை நிரப்பலாம், நிரம்பியதன் மேல் கொட்டிப் பயனில்லை.

கே: அப்போ 5 மி.கி. போடலாமா, வேண்டாமா?

ப: முதல் பதில்.

கே: புகைப் பழக்கம் உண்டு. பீட்டா கரோட்டின் மாத்திரை?

ப: தொடாதீர்கள். பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு தினம் 20 மி.கி. கொடுத்தார்கள், நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது, 1994இல் வெளிவந்த முடிவு. கேரட் சாப்பிடுங்கள், சிகரெட்டை விடுங்கள். நிகோடினின் கழிவு கருப்பை வாய்ச் சளியிலேயே இருக்கிறது.

கே: எனக்கு சி.ஐ.என் 3 (தீவிர முன்புற்று நிலை). ஆறு மாதம் உணவுமுறை பார்த்துவிட்டு சிகிச்சைக்குப் போகலாமா?

ப: கூடாது. நியூசிலாந்தில் சரியான சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில் 30 ஆண்டில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புற்றாக மாறியது. தேதி வாங்குங்கள், சாப்பாட்டைப் பிறகு பேசலாம்.

கே: எச்.பி.வி தடுப்பூசி போட்டால் இருக்கிற சி.ஐ.என் போகுமா?

ப: போகாது.

கே: ஃபோலிக் ஆசிட் 5 மி.கி...

ப: மேலே பாருங்கள்!

கே: கீரையில் ஃபோலேட் வீணாகாமல் சமைப்பது எப்படி?

ப: ஃபோலேட் தண்ணீரில் இறங்கிவிடும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாதீர்கள். கொஞ்சமாக விட்டு மூடி, சீக்கிரம் இறக்குங்கள். மிஞ்சிய நீரைக் குழம்பில் சேருங்கள்.