ஏரித் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள க்வெட்டிகோ பூங்காவின் ஏரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஜூலையில் நண்பனோடு க்வெட்டிகோ போனபோது ஒரு மீட்டருக்கும் நீளமான நார்தர்ன் பைக் மீன் சிக்கியது. கேனூ படகுக்குள் தூக்கிப் போட்டு, தூண்டில் முள்ளை எடுத்து, இருவரும் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டோம். வாலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்திருக்கும் அல்லவா?
– வாசகர், பிராம்ப்டன்

தம்பி, வாலை அடித்துக்கொண்டு போனதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. களைத்துப்போன மீன் சில மணி நேரம் கழித்து ஏரியின் அடியில் சாவதும் உண்டு. நம் கண்ணில் அது படுவதில்லை, அவ்வளவுதான்.

1992-இல் பெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ரெயின்போ டிரவுட் மீன்களை நன்றாகக் களைக்கும்வரை துரத்தி நீந்தவிட்டு, அதன் பிறகு 12 மணி நேரம் கவனித்தார்கள். தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காத மீன்களில் 12 விழுக்காடு இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடு இறந்தன. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 விழுக்காடு! செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீரில் விரிந்து நிற்பவை. வெளியே வந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் பார்த்து மூச்சு அடைபடுகிறது. பைக், டிரவுட்டைவிடத் தாக்குப்பிடிக்கும் மீன். அதனால் உங்கள் மீன் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனாலும் "மாறி மாறி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டாவது படம் வேண்டவே வேண்டாம். ஜூலை வெயிலில் காய்ந்து கிடக்கும் படகின் தரையில் துள்ளவிட்டதும் தவறு. மீனின் மேல் வழவழப்பாக இருக்கும் படலம்தான் நோய் அண்டாமல் அதைக் காப்பது. சூடான, காய்ந்த தரை அதை உரித்துவிடும்.

அடுத்த முறை, மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளை எடுத்துவிடுங்கள். படம் எடுப்பவர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகு, கைகளை நனைத்து, ஒரு கையை வயிற்றின் கீழும் மறு கையை வால் அடியிலும் கொடுத்துப் படுக்கைவாட்டில் தூக்குங்கள். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பெரிய மீனின் எடை முழுவதும் தாடையிலும் உள்ளுறுப்புகளிலும் இறங்குகிறது. ஒரே படம், உடனே தண்ணீர். விடும்போது முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். தலை முன்னோக்கி இருக்க நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தால், தெம்பு வந்ததும் அதுவே உங்கள் கையை உதறிக்கொண்டு போகும்.

கேனூவில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். பெரிய மீன் பக்கத்தில் வந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, தண்டர் பே

பயம் நியாயமானதுதான். பனி உருகிய மே மாதத்தில் அந்தத் தண்ணீர் ஐஸ் தண்ணீர். விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும்.

கேனூ கவிழ்வது பெரும்பாலும் இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பதால்தான். தூண்டில் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே மீனைப் பார்க்கட்டும். மற்றவருக்கு வேலை படகு. இருக்கையை விட்டு இறங்கி இருவரும் மண்டியிடுங்கள். பின்னால் இருப்பவர் படகைப் பாறைகளிலிருந்து விலக்கி, துடுப்பை எதிர்ப்பக்கத் தண்ணீரில் தட்டையாக வைத்து ஊன்றிக்கொள்ளட்டும். மீன் படகை இழுத்தால் இழுத்துக்கொண்டு போகட்டும். அந்த இழுவையிலேயே அது களைக்கும், தூண்டில் நரம்பும் அறாது. ஆனால் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். மெல்லிய நரம்பு போட்டு அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டுவதைப் பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ரப்பர் பூசிய கைவலை ஒன்று கட்டாயம் வேண்டும். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே எல்லாவற்றையும் தோளில் சுமக்க வேண்டியிருப்பதால் முதலில் வீட்டில் விட்டுவிட்டு வருவது வலையைத்தான். வேறு எதையாவது விட்டுவிட்டு வாருங்கள். வலையைப் படகுக்குள் தூக்கத் தேவையில்லை. தண்ணீரிலேயே தொட்டில்போல் பிடித்துக்கொண்டு, நீள மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றலாம். மணற்கரை அருகில் இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று நிதானமாகச் செய்யலாம்.

க்வெட்டிகோவில் எதிர்க்கூர் இல்லாத முள்தான் போட வேண்டும் என்கிறார்கள். மீன் நழுவிவிடாதா?
– வாசகர், அஜாக்ஸ்

அங்கே சட்டமே அதுதான். புழு, சிறு மீன் போன்ற இயற்கை இரைக்கும் அனுமதி இல்லை; செயற்கை இரை மட்டும். கடையில் வாங்கும் முள்ளின் உள்பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்க்கூரைக் குறடால் அழுத்தி மடக்கிவிட்டு, ஒரு பழைய துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூலைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. நரம்பைத் தளரவிடாமல் வைத்திருந்தால் மீன் அவ்வளவு எளிதில் நழுவாது. பைக் மீனுக்கு நரம்பின் முனையில் எஃகுக் கம்பி கட்டுங்கள்; இல்லாவிட்டால் பல்லால் அறுத்துக்கொண்டு, வாயில் மாட்டிய முள்ளோடு போய்விடும். முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் நோண்டாதீர்கள். நரம்பை வெட்டி விட்டுவிடுவதே மீனுக்கு நல்லது.

ஆகஸ்டில் ஆழத்திலிருந்து பெரிய லேக் டிரவுட் மீனைப் பிடித்துத் திரும்பவும் ஏரியில் விட ஆசை. எந்த ஏரிக்குப் போகலாம்?
– வாசகர், மார்க்கம்

ஆகஸ்டில் வேண்டாம், தம்பி. லேக் டிரவுட் 10 டிகிரி அளவு குளிர்ந்த நீரில் வாழ்கிறது. கோடையில் அதைத் தேடி ஆழத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து போராடிக்கொண்டே 20 டிகிரிக்கு மேல் சூடான மேல்நீருக்கு வர வேண்டும். மேலே வரும்போது காற்றுப்பையில் விரியும் காற்றை வாய் வழியாக வெளியேற்ற அதற்கு முடியும் என்பது உண்மை. வால்ஐ, பாஸ் மீன்களுக்கு அதுவும் முடியாது, வயிறு ஊதி மேலேயே மிதக்கும். ஆனால் சூட்டிலிருந்து டிரவுட் தப்ப முடியாது. வடக்கு ஏரிகளில் அது முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகின்றன. பெரிய மீனுக்கு 20 வயதுக்கு மேலும் இருக்கலாம். பனி உருகியதும் வாருங்கள். அப்போது அது கரையோரமே உலவும்.

எங்கள் வீட்டில் மீன் பிடித்தால் குழம்புக்குத்தான். பிடித்து, வதைத்து, பிறகு விடுவது எந்த ஊர் நியாயம்?
– வாசகி, ஸ்கார்பரோ

அம்மா, உங்கள் கேள்வியைச் சட்டமாகவே ஆக்கிய நாடு உண்டு. விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து தடை செய்திருக்கிறது. மீனோடு விளையாடக் கூடாது என்று இந்த ஏரிகளின் ஆதிகுடி மக்களிலும் பலர் சொல்கிறார்கள். மீனுக்கு வதையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன்.

நானும் குழம்பு வைக்கிறவள்தான். அனுமதித்த அளவுக்குள் நடுத்தர வால்ஐ இரண்டைக் கொண்டுவந்து கூடாரத்தருகே பொரித்துச் சாப்பிடுவதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. நான் விடச் சொல்வது பெரிய மீனை. மிகப் பெரிய பைக் மீன்கள் ஏறக்குறைய எல்லாமே பெண். உடல் பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும். அது அந்த ஏரியின் விதைநெல். தவிர, வயதான வேட்டை மீனின் சதையில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். எந்த நீர்நிலையில் எந்த அளவு மீனை எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசே வழிகாட்டி வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் தாயாகும் வயதில் இருக்கும் பெண்களுக்கும் அதில் தனி வரம்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, பெரியது சட்டிக்கும் நல்லதல்ல. இரவு உணவுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். நாள் முழுதும் பிடித்துப் பிடித்து விடுவதை நானும் ஏற்கவில்லை.

விட்டுவிட்ட மீனைச் சுவரில் மாட்ட முடியுமா?
– வாசகர், ஒட்டாவா

முடியும். நீளமும், நடு உடம்பின் சுற்றளவும், நல்ல படம் ஒன்றும் இருந்தால் கண்ணாடி இழையில் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள். சுற்றளவை அளக்கத் தையல் டேப் போதும். நனைத்துவிட்டு, மீன் வலையில் கிடக்கும்போதே அளந்துவிடுங்கள். எடை தெரிய வேண்டுமானால் சென்டிமீட்டரில் சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். 100 செ.மீ. நீளமும் 44 செ.மீ. சுற்றளவும் என்றால் 6.7 கிலோ. தராசுக் கொக்கியில் தொங்கவிட வேண்டிய அவசியமே இல்லை.