கோடிக்கரைப் படகும் தஞ்சைப் பூக்குடலையும்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். பூங்குழலி சேந்தன் அமுதனை மணக்கும் இடத்தில் இம்முறையும் கண் கலங்கியது. “கல்வெட்டில் இல்லாத கல்யாணத்துக்கு ஏன் அம்மா அழுகிறாய்?” என்கிறான் என் மகன். யாரும் எதிர்பாராத இந்த இணை எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துப் போனது?
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பிழையில்லை. புதினத்தில் சேந்தன் அமுதன்தான் கடைசியில் உத்தம சோழராக முடிசூடுகிறான். வரலாற்றில் உத்தம சோழர், கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் பெற்ற பிள்ளை. அந்த அம்மையாரின் பெயரையே தாங்கி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் ஊரின் சிவன் கோயில் கல்வெட்டுகளில் உத்தம சோழரின் தேவியர் பலர் குறிப்பிடப்படுகிறார்கள். பூங்குழலியைப் போல் படகோட்டும் பெண் எவரும் அவர்களிடையே இல்லை. பூங்குழலியும் அமுதனும், 1950 முதல் 1954 வரை கல்கி இத்தொடரை எழுதியபோது அவருடைய கற்பனையில் பிறந்தவர்கள்.

ஆனால் நீங்கள் அழுதது கல்வெட்டுக்காக அன்று. பூங்குழலி அமுதனின் அம்மான் மகள். நம் பக்கத்து வழக்கப்படி இது முறை தவறாத சம்பந்தந்தான். அப்படியிருந்தும் எதிர்பாராததாக நமக்குப் படுகிறதென்றால், அங்கேதான் கல்கியின் கைத்திறன் இருக்கிறது. கோடிக்கரையில் தன்னைத் துரத்தி வந்த கதைநாயகன் வந்தியத்தேவனைச் சேற்றுப் பள்ளத்தில் சிக்க வைத்து, பிறகு தானே கரையேற்றும் பெண் அவள். அவள் மனமோ இளவரசர் அருள்மொழிவர்மரையும் அரியணையையும் சுற்றிச் சுற்றி வருகிறது. நாமும் அவளோடு கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமுதனோ பேச இயலாத தாயோடு தஞ்சை நந்தவனத்தில் பூப்பறித்து, தளிக்குளத்தார் கோயிலுக்கு எடுத்துச் செல்வதே போதும் என்று வாழ்கிறான். இத்தனைக்கும் அவன் அவளை விரும்புவதை முதல் பாகத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். நாம்தான் அதைப் பொருட்படுத்தாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். (பள்ளி விடுமுறையில், வார இதழிலிருந்து பிரித்துத் தைத்த தொகுப்பில், மணியம் வரைந்த படங்களுக்காகவே வேகவேகமாகப் புரட்டிய நானும் அப்படித்தான் தவறவிட்டேன்.)

அரியணை ஆசையை விட்டுவிட்டு அவனே போதும் என்று அவள் முடிவு செய்த பிறகுதான் அவன் யார் என்ற உண்மை வெளிப்பட்டு, மணிமுடி அவனைத் தேடி வருகிறது. இந்த வரிசை மாறியிருந்தால், அரசனைக் கைப்பிடித்த கெட்டிக்காரி என்று அவளைப் பற்றி நினைத்திருப்போம், கண்ணீர் வந்திராது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கோடிக்கரைக் குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் இக்கரையில் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று இறைவனிடமே மனம் நொந்து பாடியிருக்கிறார். அந்தத் தனிமைக்கு நடுவே பூங்குழலியை வளரவிட்டதால்தான், அவளுக்கு ஒரு துணை அமைந்ததும் நமக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. வேதாரணியம் வழியாக ஒருநாள் மகனை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நான்காம் முறை படிக்கும்போது, அமுதன் தன் மாமன் மகளைப் பற்றி வந்தியத்தேவனிடம் மனம் திறக்கும் இடத்தை அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.