முகட்டை மாற்றினால் பூஞ்சணம் போய்விடுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் உள்ள எங்கள் பழைய வீட்டின் லாஃப்டை (கூரைக்கு அடியிலுள்ள பரணை) 2022இல் படுக்கையறையாக மாற்றினோம். குளிர்காலம் வந்தாலே சரிவுக் கூரையின் உட்புறத்தில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் சாந்தும் வெடித்துவிட்டது. பார்க்க வந்த கூரை வேலைக்காரர், சாந்தை எடுத்துவிட்டுக் காற்றோட்டமுள்ள ‘டிரை ரிட்ஜ்’ (சாந்தில்லாமல் திருகு, கவ்விகளால் முகட்டு ஓட்டைப் பிடிக்கும் முறை) போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். செய்யலாமா? செலவு யாருடையது?
– வாசகி, ஹாரோ

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கூரையில் இருப்பது இரண்டு கோளாறுகள்: உள்ளே பூஞ்சணம், வெளியே வெடித்த சாந்து. அவர் இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதுகிறார்.

முதலில், ஈரம் மழையா நீராவியா என்று பாருங்கள். காற்றோடு மழை அடித்தபின் ஓரிடத்தில் பழுப்புக் கறை விழுந்தால் ஒழுகல். உறைபனி விழுந்த காலையில் டார்ச்சுடன் பக்கவாட்டுச் சேமிப்பு அறைக்குள் தலையை நீட்டுங்கள். ஓட்டுக்கு அடியிலுள்ள விரிப்பைத் துளைத்து வந்த ஆணி முனைகளில் நீர்த்துளிகள் தொங்கினால், அது குளியலறையிலிருந்தும் உங்கள் மூச்சிலிருந்தும் மேலே போன ஆவி. குளிர்காலத்தில் மட்டும் வருகிறது என்கிறீர்களே, எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

முகட்டில் துளை வைத்தால் மட்டும் காற்று ஓடாது. கீழ் விளிம்பில் நுழைய வழியும், நடுவில் தடையற்ற பாதையும் வேண்டும். பழைய ரகத் தார் விரிப்பு உள்ள சரிவுக் கூரைக்கு ஈரக் கட்டுப்பாட்டுக்கான பிரிட்டிஷ் தரநெறி பிஎஸ் 5250 கேட்பது இது: கீழ் விளிம்பில் நீளநெடுக 25 மில்லிமீட்டர் திறப்பு, முகட்டில் 5 மில்லிமீட்டர் திறப்பு, விரிப்புக்கும் வெப்பக்காப்புப் பலகைக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய வீடுகளின் கைமரம் நான்கு அங்குல ஆழம்தான் இருக்கும். அதில் பலகையை முழுக்கத் திணித்துவிட்டால் இடைவெளி எங்கே மிஞ்சும்? கூரை ஜன்னல் வைத்த இடங்களில் மேலும் கீழும் பாதை அடைபட்டுப்போகும். இதை மறப்பவர்கள் அதிகம். நீராவியை வெளியே விடும் நவீன விரிப்பு என்றால் கணக்கு வேறு, தயாரிப்பாளரின் சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

ஆகவே முகட்டருகே நாலைந்து ஓடுகளைக் கழற்றி உள்ளே பார்த்துப் படம் எடுக்காமல் யாரும் விலை சொல்லக் கூடாது. குளியலறை விசிறியின் குழாய் வெளியே திறக்கிறதா, கூரைக்குள்ளேயே முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சாந்து விஷயம் தனி. ஓட்டுக்கூரைக்கான பிரிட்டிஷ் தரநெறி பிஎஸ் 5534, 2014இல் திருத்தப்பட்டபின், முகட்டு ஓட்டைச் சாந்தை மட்டும் நம்பி வைப்பதை ஏற்பதில்லை. திருகோ கவ்வியோ வேண்டும். 2022இல் லாஃப்டை மாற்றித்தந்த உங்கள் ஒப்பந்தக்காரர் முகட்டைப் புதிதாகப் பதித்து வெறும் சாந்தோடு விட்டிருந்தால் அது அவர் குறை. பழைய முகட்டை அவர் தொடவே இல்லையென்றால், அந்தச் செலவு உங்களுடையது.

காற்றுப்பாதையை அடைத்தது அவர்தான் என்று தெரிந்தால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்யாத வேலையை அவர் தன் செலவில் திருத்த வேண்டும். முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. வேறொருவர் கைவைக்கும் முன், படங்களோடு அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கட்டட விதிகளின்படி வேலை முடிந்தது என்று தரப்படும் கட்டடக் கட்டுப்பாட்டு நிறைவுச் சான்றிதழை அவர் நீட்டினால் அசராதீர்கள். அது அவர் வேலைக்கு உத்தரவாதம் அல்ல. மசியவில்லை என்றால் சுயேச்சையான சர்வேயரின் அறிக்கை வாங்குங்கள். 10,000 பவுண்டு வரை சிறு உரிமைகோரல் வழக்கில் கேட்கலாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கும் வழி, மொத்த விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அடைபட்டுவிடும். லாஃப்ட் வேலைகள் பலவும் தாண்டிவிடுகின்றன.

கேள்வி: கதவைத் தட்டிய ஒருவர், முகட்டு ஓடு கழன்றிருக்கிறது, இன்றே சரிசெய்தால் பாதி விலை என்றார். நம்பலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: அவரைக் கூரையில் ஏற விடாதீர்கள், ஏறும்வரை நன்றாயிருந்த ஓடு இறங்கும்போது உடைந்திருக்கக்கூடும். எதிர்நடைபாதையில் நின்று தொலைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அந்த அவகாசத்திலேயே வேலையைத் தொடங்கும்படி எழுதிக்கொடுத்திருந்தால், முடிந்த பகுதிக்குப் பணம் கேட்பார்.