விண்கலமும் நாலு தவணை பாக்கியும்

கேள்வி: சென்ற இதழில், குறைந்த செலவில் எடுத்த அறிவியல் நகைச்சுவைப் படங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருந்தீர்கள். ரெஜிபோமை (தெர்மோகோலை) வெட்டி, வெள்ளிப் பேப்பர் ஒட்டி, இதுதான் விண்கலம் என்று காட்டுவதில் என்ன ரசனை இருக்கிறது? கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் இருக்கும்போது இந்த ஓட்டைப் படங்களை எதற்குப் பார்க்க வேண்டும்? மலையகத்தானுக்கு இது போதும் என்று நினைக்கிறீர்களா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: கடைசி வரியை முதலில் எடுக்கிறேன், கோபம் அதில்தான் இருக்கிறது. செலவு கூடிய படம் நமக்குக் கிடைக்கும் மரியாதை, செலவு குறைந்த படம் அவமரியாதை என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு அதை என் தலையில் கட்டுகிறீர்கள். சென்னையில் ஒரு தயாரிப்பாளர் எத்தனை கோடி வட்டிக்கு வாங்கினார் என்பதற்கும் மஸ்கெலியாவில் இருக்கும் உங்கள் மரியாதைக்கும் என்ன சம்பந்தம்?

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கோடிப் படத்திலிருந்தே தொடங்கலாம். 2018இல் வந்த ‘2.0’ பார்த்திருப்பீர்கள். ஊரிலுள்ள கைத்தொலைபேசிகள் எல்லாம் கையை விட்டுப் பறந்து போய், ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகும். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் அந்தப் பறவையின் இறக்கையில் எங்கோ ஓர் ஓரத்தில், யாரோ ஒரு பாவப்பட்டவன் தவணைக்கு வாங்கிய போனும் இருக்கும் அல்லவா? இன்னும் நாலு தவணை பாக்கி. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வான்? “போன் பறந்துபோச்சு” என்றால் எந்தப் பெண் நம்புவாள்? கடைக்காரர்தான் மிச்சத் தவணையை விட்டுக்கொடுப்பாரா? பெரிய படம் இவன் பக்கம் திரும்பவே திரும்பாது. பறவைக்குப் போட்ட காசைத் திரையில் காட்டியாக வேண்டிய அவசரம் அதற்கு. சின்னப் படத்துக்குப் பறவையைக் காட்ட வக்கில்லை. அதனால் இவன் வீட்டுச் சண்டையைக் காட்டும். எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

2015இல் ரவிக்குமார் எடுத்த ‘இன்று நேற்று நாளை’யை எத்தனையாவது முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். எதிர்காலத்திலிருந்து ஒரு கால எந்திரம் இரண்டு பையன்கள் கையில் வந்து சேர்கிறது. கட்டபொம்மனைக் காப்பாற்றப் போனார்களா? இல்லை. ஒருவன் பிழைப்பே போலி ஜோசியம். யாராவது பொருளைத் தொலைத்துவிட்டு வந்தால், தொலைந்த நேரத்துக்கே போய் எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கட்டம் போட்டுக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். மனிதனைத் தெரிந்தவன் எழுதிய காட்சி இது. நம் கையில் அப்படியொன்று கிடைத்தால் நாமும் முதலில் தொலைந்த அடையாள அட்டையைத்தான் தேடுவோம். அதே இயக்குநர் 2024இல், வருடக்கணக்கில் கணினி வரைகலை வேலை நடந்த ‘அயலான்’ கொடுத்தார். கெட்ட படம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் ரசித்தார்கள். ஆனால் அதில் வேற்றுக்கிரகவாசியின் தோல் எவ்வளவு நேர்த்தி என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, யார் என்ன பொய் சொல்லி மாட்டப்போகிறார்கள் என்ற பதைப்பு வரவில்லை.

ரெஜிபோம் விண்கலம் என்று எழுதினீர்கள். அதைவிடக் கேவலமானதை நான் காட்டுகிறேன். இயக்குநர் ஜோன் கார்ப்பென்டர் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது தொடங்கி, 1974இல் வெளியிட்ட ‘டார்க் ஸ்டார்’. மொத்தச் செலவு சுமார் 60,000 டொலர். அதில் வரும் வேற்றுக்கிரக ஜந்து எது தெரியுமா? கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் காற்றடைத்த பந்து. அடியில் இரண்டு நகக்கால்களை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பந்து போலவே துள்ளவும் விட்டு, அதைப் பிடிக்கப் போகும் விண்வெளி வீரனைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். கடைசியில் வெடிக்கப்போகும் குண்டு ஒன்று, கலத்தை விட்டுக் கழன்று விழாமல் அடம்பிடிக்கிறது. பேசத் தெரிந்த குண்டு. வெடிக்காதே என்றால் கேட்காது. வீரர் ஒருவர் வெளியே மிதந்து போய், நீ இருக்கிறாய் என்பதே உனக்கு எப்படித் தெரியும் என்று அதனிடம் வேதாந்தம் பேசுகிறார். குண்டு யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது! இந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? படத்தை எழுதுவதில் பங்கெடுத்து நடித்தும் இருந்த டான் ஓபானன், பந்தைப் பார்த்துச் சிரித்த ஜனத்தைப் பயமுறுத்தியே தீருவது என்று பிற்பாடு எழுதியதுதான் 1979இல் வந்த ‘ஏலியன்’.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நாடகக் குழு ஒன்று 2020இல் ஒரு படம் எடுத்தது. கைத்தொலைபேசியில் எடுத்த படம், 70 நிமிடம், ஒரு சின்னத் தேநீர்க் கடையும் அதன் மேல்மாடியும்தான் களம். மாடி அறைத் திரையில், கீழே கடைத் திரைக்கு முன்னால் இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவது தெரிகிறது. இரண்டே நிமிடம். கடைக்காரர் அதில் தன் முகத்தைப் பார்க்கிறார், தான் சொல்வதைக் கேட்கிறார், பிறகு படியிறங்கி ஓடிப் போய்க் கீழ்த் திரைக்கு முன்னால் நின்று அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பயத்திலேயே எல்லோரும் மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, செலவு போதாததால் கற்பனை குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

நம் பக்கம் வந்தால், 2019இல் வந்த மலையாளப் படம் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’. தமிழில் 2022இல் ‘கூகுள் குட்டப்பா’வாக வந்தது. மகனுக்கு வெளிநாட்டில் வேலை, பிடிவாதக்கார அப்பா ஊரில் தனியே. ஆளுக்குப் பதிலாக ஒரு ரோபோவைக் கொண்டுவந்து வைக்கிறான். மலையாளப் படத்தில் ரோபோ உடைக்குள் இருந்து நடித்தது ஒரு மனிதன், அப்படியும் அது ரோபோதான் என்று கிழவரோடு சேர்ந்து நாமும் நம்பிவிடுகிறோம். கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை நாம் பார்க்காததா? எனக்கு அந்தப் படத்தில் சிரிப்பு பாதியிலேயே நின்று நின்று வந்தது.

மலையகத்தானுக்குப் போதுமா என்றீர்களே, உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் சிவனொளிபாதமலையை விண்வெளிக்கதையில் எப்போதோ கட்டிவைத்துவிட்டார்கள். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வந்த நாவலில் அந்த மலையை வேறு பெயரில் வைத்து, உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போட்டார். நிலநடுக்கோட்டில் நட்டால்தான் அது நிற்கும் என்பதால் முழுத் தீவையும் 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவைத்தார். ஆன செலவு பேப்பர் காசு. என்னிடம் விட்டால் அந்த லிஃப்ட் திறந்த அன்று, மலையேறும் நல்லதண்ணிப் பாதையில் பிளேன்டீக் கடை போட்டிருப்பவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பேன். யாத்திரைப் பருவகாலத்துக்காகக் கடன் வாங்கிச் சாமான் இறக்கியிருப்பாரே, ஜனமெல்லாம் லிஃப்டில் போனால்?

இதற்காகக் காசில்லாமல் எடுத்ததெல்லாம் நல்ல படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கயிறு தெரியத் தொங்கும் பறக்கும் தட்டைப் பார்த்து, எடுத்தவனைக் கேலி செய்து சிரிக்கும் சிரிப்பு ஒன்று உண்டு, எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. இன்னும் மோசம், காசில்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு கதையையும் எழுதாமல் வருகிறவர்கள். நம் பையன்கள் சிலர் எடுக்கும் குறும்படங்களும் சில நேரம் அப்படித்தான். கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு விஞ்ஞானி, பச்சை விளக்கு, புகை. புகைக்கு மெஷின் வாடகைக்கு எடுக்கிறார்களாம், நுவரெலியா மாவட்டத்தில்! வாசலைத் திறந்தால் பனிமூட்டம் சும்மா வருகிறது. இரவில் தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நீளமும், மின்விசிறி இரைச்சலும், வரிசை விளக்கும் இருக்கும்போது விண்கலத்துக்கு ரெஜிபோம் எதற்கு?

கதை வேண்டுமா, இதோ. கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம் கால எந்திரம் கிடைக்கிறது. முதலில் எல்லோரும் நினைப்பதுபோல எதிர்காலத்துக்குப் போகிறார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் இழுத்து இழுத்து 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது, அதற்கு முன்னிருந்து கிளம்பி அந்தச் சம்பளத்தை வாங்கிவரப் போனவர், கொஞ்சம் தவறி, நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022இல் இறங்கிவிடுகிறார். கோதுமை மா விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே ஓடி வருகிறார். அப்புறம்தான் சரியான யோசனை வருகிறது. தினம் மாலையில் அதே நாள் காலைக்குத் திரும்பிப் போய், தன்னோடு தானே சேர்ந்து இருவராக மலையில் நின்று பறிப்பது. பதினெட்டுக் கிலோ கேட்டால் முப்பத்தாறு. தராசுக்காரர் மலைத்துப் போவார். ஆனால் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோலில் இருப்பது ஒரே பெயர். அன்றைய சம்பளத்துக்கான நாள் பேர் யாருக்கு? காலை அக்காவுக்கும் மாலை அக்காவுக்கும் தலைமயிரைப் பிடித்துச் சண்டை. கமராவை ஆட்டாமல் வைத்து ஒரே ஆளை இரண்டு பக்கமும் நிறுத்தி இரண்டு தடவை எடுத்தால் போதும், அதற்கும் முடியாவிட்டால் முதுகைக் காட்டத் தங்கச்சி இருக்கிறாள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு விஷயம் போகும், துரை கொழும்புக்குப் போன் போடுவார், அங்கிருந்து பதில் வருவதற்குள் தொழிற்சங்கத் தலைவர் வந்துவிடுவார். சம்பளம் ஒரு ஆளுக்குத்தான் என்பதை ஒத்துக்கொண்டு, சந்தாவை மட்டும் இரண்டு பேரிடமும் பிடித்துக்கொண்டு போவார்.

இதை எடுக்க எத்தனை கோடியாகும் என்று நீங்களே கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.